எட்டு கிராம்

உட்காருங்க, உட்காருங்க. இந்தப் பையை நான் மடியில வச்சுக்கறேன். உங்களுக்கு எத்தனாவது டோக்கன்? இருபத்தாறா? அப்ப நிதானமா இருக்கலாம். இந்த டாக்டர் ஒருத்தருக்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கறார். இப்ப உள்ள போயிருக்கறது பதினெட்டு. அது நாங்கதான்.

நாங்கன்னா, நான் இல்லை. எனக்கு மாதா புண்ணியத்துல மூட்டுவலி தவிர ஒண்ணும் கிடையாது. உள்ள போயிருக்கறவங்க பேர் வசுமதி. வலது கையில ஏதோ கோளாறோன்னு சந்தேகம். நான் துணைக்கு வந்திருக்கேன்.

சொந்தமான்னு கேக்கறீங்களா? இல்லை. சிநேகிதின்னும் சொல்லிட முடியாது. எங்க வீட்டுக்காரரோட சேர்ந்து கட்டை வீசறவங்க.

சிரிக்காதீங்கம்மா, நிஜமாத்தான். ஜக்லிங்னு சொல்வாங்க. சர்க்கஸ்ல மூணு பந்தை மாத்தி மாத்தி மேல போட்டுப் பிடிப்பாங்களே, அதுதான். அதையே பொழுதுபோக்கா வச்சுக்கிட்டு ஊருக்கு ஊர் ஆளுங்க இருக்காங்க. நம்ம திருச்சியில மட்டும் பன்னெண்டு பேர். பேங்க்காரர் ஒருத்தர், காலேஜ் பொண்ணுங்க நாலு பேர், பல் டாக்டர் ஒருத்தர், அப்புறம் எங்க வீட்டுக்காரர் இன்னாசிமுத்து. ஞாயித்துக்கிழமை காலையில ஆறரைக்குப் பூங்காவுல கூடுவாங்க. சர்ச்சுல பூசையும் ஆறரைக்குத்தான். இதை நான் யார்கிட்ட போய்ச் சொல்ல?

எங்க வீட்டுக்காரர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புல முப்பத்திநாலு வருஷம் ஃபிட்டர். ரிட்டயர் ஆன மறுமாசம் பெங்களூர்ல எங்க பொண்ணு ஷைனி வீட்டுக்குப் போனோம். அங்க மருமகன் மேஜையில மூணு பந்து கிடந்தது. எடுத்தார். அன்னிக்கு எடுத்தவர்தான். பேத்தியைத் தூக்கக்கூட நேரமில்லை. "ஷைனியம்மா, இங்க பாரு, எல்லாப் பந்தும் ஒரே உசரத்துல திரும்புது பாரு"ன்னு கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டுவார். ஷைனியம்மாங்கறது நான்தான். என் பேர் ஜெசிந்தா. கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்துல அவர் என்னை ஜெசிந்தான்னு கூப்பிட்டது ஒரே ஒரு தடவை. ரேஷன் கடையில, கடைக்காரர் பேர் கேட்டப்ப.

அந்த வசுமதியை அவர் எப்படிக் கூப்பிடறார் தெரியுமா? வசு. கூட இருக்கற எல்லாரும் வசு மேடம்பாங்க. இவருக்கு மட்டும் மேடம் கிடையாது.

எனக்குப் பொறாமை கிடையாதும்மா. அதை முதல்லயே சொல்லிடறேன். பொறாமை ஏழு தலையான பாவத்துல ஒண்ணு. தினம் காலையிலயும் சாயங்காலமும் ஜெபமாலை சொல்றவ நான்.

நடந்ததைச் சொல்றேன், நீங்களே பாருங்க. ஒருத்தரா நின்னு பந்து போடறது ஒரு வகை. இன்னொண்ணு ரெண்டு பேர் எதிரெதிரா நின்னு போடறது. அதுக்குக் கட்டை. கிளப்னு பேரு. பிளாஸ்டிக்தான், கைப்பிடி ஒல்லியா, தலை குண்டா, தண்ணி பாட்டில் மாதிரி இருக்கும். ஆளுக்கு மூணு. இவர் வீசறதை அவங்க பிடிக்கணும், அவங்க வீசறதை இவர் பிடிக்கணும், நடுவுல கையில இருக்கறதும் சுத்திக்கிட்டே இருக்கணும். ஆறு கட்டையும் ஒரே நேரத்துல பறக்கும். கண்ணை எடுத்தா மூக்குல விழும்.

அதனால கண்ணை எடுக்க மாட்டாங்க. ரெண்டு பேரும். அரை மணி நேரம், ஒரு மணி நேரம்.

நான் கேட்டேன். "ஏங்க, அப்படி என்ன பாக்கறீங்க அவங்க மூஞ்சியை?"

"மூஞ்சியை யாரு பாத்தா? மூஞ்சிக்கு மேல ஒரு சாண் உசரத்துல காத்தைப் பாக்கணும். கட்டை அங்கதான் திரும்பும்."

காத்தாம். முப்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு, காத்தைப் பாக்கற கண்ணு எது, ஆளைப் பாக்கற கண்ணு எதுன்னு தெரியாதா?

பூசை முடிஞ்சதும் நேரா பூங்காவுக்குப் போய் பெஞ்சுல உட்காருவேன். கையில ஜெபமாலை இருக்கும். ஒவ்வொரு கட்டை வீசும்போதும் இவர் "இந்தா"ம்பார். அவங்களும் "இந்தா"ம்பாங்க. இந்தா, இந்தா, இந்தா. ஒரு நாள் என்னை அறியாம அந்த இந்தாவையெல்லாம் மணியில உருட்டி எண்ணிட்டேன். அம்பத்துமூணு மணியும் சுத்தி முடிஞ்சது, ஒரு கட்டை கீழ விழலை. அன்னிக்கு ராத்திரி இன்னொரு ஜெபமாலை சேர்த்துச் சொன்னேன், அந்த மணியையெல்லாம் சுத்தம் பண்றதுக்கு.

யாருன்னு கேட்டீங்கல்ல? டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டரா இருந்தவங்க. என்னைவிட ரெண்டு வயசு மூப்பு. ஆனா பாத்தா சொல்ல முடியாது. வளைஞ்சு நிமிர்ற உடம்பு. கல்யாணம் பண்ணிக்கலை. அதைக் குறையாச் சொல்லலைம்மா, மாதாவே கன்னிதானே. ஆனா மாதா எங்க வீட்டுக்காரர் எதிர்ல நின்னு கட்டை வீசலை. சேசுவே, மன்னிச்சுக்கோ.

முதல்ல என்னைத்தான் கூப்பிட்டார், அதையும் சொல்லணும். "எதிர்ல நிக்க ஒரு ஆள் வேணும், நீ வாயேன்"னார். ஒரு தடவை இல்லை, மூணு தடவை. எனக்குன்னு மூணு கட்டைகூட வாங்கிட்டு வந்தார், சிவப்புல. "இந்த வயசுல சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டுக் கட்டை வீசவா? போய் வேலையைப் பாருங்க"ன்னுட்டேன். கேட்டதும் ஓடிப் போகாம ஒரு கௌரவம் வேண்டாமா? நாலாவது தடவை கேட்டிருந்தா போயிருப்பேனோ என்னமோ. கேக்கலை. அந்தச் சிவப்புக் கட்டை இப்ப அந்தம்மா கையில இருக்கு.

சரி, நான் பெஞ்சுல சும்மா உட்கார்ந்திருந்தேனா? அதான் இல்லை. அந்தப் பன்னெண்டு பேர் கையிலயும் இருக்கறது நான் தச்ச பந்து. எனக்குத் தையல் தெரியும். எங்க ஏரியாவுல பாதி ஜாக்கெட் நான் தச்சதுதான். கடையில வாங்கற பந்து விலையும் ஜாஸ்தி, தரையில விழுந்தா உருண்டு ஓடும். நான் நாலு இதழா துணி வெட்டி, மூணு பக்கம் தச்சு, உள்ள கேழ்வரகு நிரப்பி வாயை மூடுவேன். விழுந்தா விழுந்த இடத்துலயே குந்தும். ஒவ்வொரு பந்தும் நூத்திருபது கிராம். கூடக் கூடாது, குறையக் கூடாது. எடை மாறினா கை ஏமாந்து போகும், ஒண்ணு உசரப் போகும், ஒண்ணு தாழப் போகும். ஃபிட்டர் பொண்டாட்டி பாருங்க, அவர் ஒண்ணு ஒண்ணா எடை போட்டுப் பாத்து, "உன் கையே தராசு"ன்னார். பூங்காவுல எல்லார்கிட்டயும் சொல்வார், "ஷைனியம்மா தச்ச பந்துன்னா எடையே போட வேண்டாம்." போன ஞாயித்துக்கிழமைகூடச் சொன்னார்.

ஆவணியில ஒரு நாள் இந்த வசுமதி என்கிட்ட வந்தாங்க. "ஜெசிந்தா, எனக்கு அஞ்சு பந்து ஒரு செட் தச்சுத் தர்றீங்களா? அடுத்த மாசம் சென்னை, பெங்களூர் ஆளுங்கல்லாம் இங்க வர்றாங்க. அவங்க முன்னாடி அஞ்சு பந்து நூறு பிடி பிடிச்சுக் காட்டணும்னு ஆசை."

அஞ்சு பந்து சாதாரணமில்லைம்மா. மூணு பந்து ஒரு வாரத்துல வரும். அஞ்சு, வருஷக்கணக்கு. எங்க வீட்டுக்காரருக்கே பத்துக்கு மேல வராது. அவங்க இரவல் பந்துலயே அறுபது, எழுபது பிடிப்பாங்க.

"தச்சுட்டாப் போச்சு"ன்னேன். மனசார. அதுவரைக்கும் ஒண்ணுமில்லை.

இவர் பக்கத்துல நின்னவர் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தாரா? "ஷைனியம்மா, உன் மயில்கழுத்து ஜாக்கெட் துணி மிச்சம் இருக்குமே, அதுல தச்சுக் குடு. வசுவுக்கு அந்தக் கலர் எடுப்பா இருக்கும்."

அந்தச் சேலை எங்க இருபத்தஞ்சாவது கல்யாண நாளுக்கு அவர் எடுத்துக் கொடுத்தது. அதோட ஜாக்கெட் துணி. மிச்சத்தைப் பதினோரு வருஷமா பீரோவுல வச்சிருந்தேன். எதுக்குன்னு கேட்டா எனக்கே தெரியாது. ஆனா பந்து தைக்க இல்லை.

தச்சேன். இல்லைன்னு சொல்ல வாய் வரலை. மத்தியானம் சாப்பிட்டுட்டு அவர் தூங்கிக்கிட்டிருந்தார். மூணு பந்து நிரப்பினேன், நூத்திருபது, நூத்திருபது, நூத்திருபது. நாலாவதுக்குக் கேழ்வரகு போட்டுக்கிட்டே வர்றேன். தராசு நூத்திபன்னெண்டு காட்டுது. கை நின்னுடுச்சு.

சாத்தான் பண்ணினதுன்னு சொல்ல மாட்டேன். அது மேல பழி போடறது சுலபம். கை நின்னுது, ஊசியை எடுத்தேன், மூடிட்டேன். அஞ்சாவதும் அப்படியே. எட்டு கிராம்தான். ஒரு பவுன் எடை. பெருசா என்ன ஆயிடும், நூறு பிடி அம்பது ஆகும், அவ்வளவுதானேன்னு நினைச்சேன். அவர் முன்னாடி ரெண்டு தடவை கீழ விழட்டுமேன்னு.

விழுந்தது. முதல் வாரம் முப்பது. அடுத்த வாரம் இருபது. அப்புறம் பன்னெண்டுல விழுந்தது. பெஞ்சுல உட்கார்ந்து பாத்துக்கிட்டிருந்தேன். மனசு குளுந்துதுன்னு சொன்னா நீங்க என்னைப் பத்தி என்ன நினைப்பீங்க? சரி, குளுந்தது.

ஆனா நான் ஒண்ணு நினைச்சேன், அவங்க ஒண்ணு நினைச்சாங்க. வேற யாரு தச்ச பந்தா இருந்தாலும் முதல்ல பந்தைத்தான் சந்தேகப்படுவாங்க. என் பந்தை யாரும் சந்தேகப்படலை. அவங்க கையைச் சந்தேகப்பட்டாங்க.

அவங்க அப்பாவுக்குக் கைநடுக்க வியாதியாம். கடைசி ஆறு வருஷம் டம்ளர் பிடிக்க முடியாதாம், இவங்கதான் ஸ்பூன்ல ஊட்டுவாங்களாம். அதுவும் இப்படித்தான் ஆரம்பிச்சுதாம், கையில இருக்கறது காரணமில்லாம நழுவி நழுவி. எங்க வீட்டுக்காரர் வந்து சொன்னார். சொல்லிட்டுத் தட்டுல கை வச்சபடியே உட்கார்ந்திருந்தார். மீன்குழம்பும்மா, வஞ்சிரம். தொடலை.

"வசு பயப்படுதுடி"ன்னார்.

பயப்படறாங்க இல்லை. பயப்படுது. பெத்த பிள்ளையைச் சொல்ற மாதிரி. எனக்கு ரெண்டு பிரசவத்துல ரெண்டும் ஆபரேஷன். அப்ப இவர் தட்டுல சோறு இறங்காம இருந்தாரான்னு அவங்க அம்மாவைத்தான் கேக்கணும், அந்த மகராசி போய்ச் சேந்தாச்சு.

அடுத்த ஞாயிறு அவங்க கட்டையும் வீச மாட்டேன்னுட்டாங்க. "சார், எனக்குப் பதிலா வேற ஆளைப் பாருங்க. வெளியூர் ஆளுங்க முன்னாடி உங்களை அவமானப்படுத்த மாட்டேன்"னு. நான் கேட்டது அதுதானேம்மா? அந்தம்மா எதிர்ல நிக்கக் கூடாது, அவ்வளவுதானே? நின்னுபோச்சு. சந்தோஷம் எங்க? இவர் தனியா மூணு கட்டையைப் போட்டுக்கிட்டிருந்தார், மழையில நனைஞ்ச கோழி மாதிரி. என் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கலை.

போன சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன், அதான், பாதர்கிட்ட பாவத்தைச் சொல்லி மன்னிப்பு கேக்கறது. கோபப்பட்டேன்னு சொன்னேன். ஜெபத்துல பராக்கா இருந்தேன்னு சொன்னேன். இதைச் சொல்ல வாய் வரலை. அந்தப் பாதர் மாசத்துக்கு ஒரு தடவை எங்க வீட்டுக்குச் சாப்பிட வர்றவர். கூண்டுக்குள்ள குரல் தெரியாதா? உங்ககிட்ட சொல்றேன்னா, நீங்க இருபத்தாறு, நாங்க பதினெட்டு, இனி நாம பாத்துக்கப் போறதில்லை.

அப்புறம் திங்கக்கிழமை அந்தம்மாவே போன் பண்ணினாங்க. "ஜெசிந்தா, டாக்டர்கிட்ட போறேன். கூட வர்றீங்களா? சாரைக் கூப்பிடலை, அவருக்குத் தைரியம் பத்தாது." அவருக்குத் தைரியம் பத்தாதுங்கறது அவங்களுக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியணும், அவங்களுக்கு எப்படித் தெரியும்? உண்மைதான், ஊசி போட்டாலே மயங்குவார். இருந்தாலும்.

வர்றேன்னேன். ஏன் வந்தேன்னு சொல்றேன், கொஞ்சம் கிட்ட வாங்க. இது அவங்க பை. அந்த அஞ்சு பந்தும் இதுலதான் இருக்கு. உள்ள போகும்போது என்கிட்ட கொடுத்துட்டுப் போனாங்க. இது என் பை. இதுல என்ன இருக்கு தெரியுமா? அதே மயில்கழுத்துத் துணியில இன்னும் ரெண்டு பந்து. நேத்து தச்சேன். துணி அதோட தீந்துபோச்சு. நூத்திருபது, நூத்திருபது. அவங்க வர்றதுக்குள்ள மாத்தி வச்சிடுவேன். டாக்டர் கை நல்லாத்தான் இருக்கு, மனக்குழப்பம்தான்னு அனுப்புவார். நல்லாத்தானே இருக்கு, எனக்குத் தெரியாதா? ஞாயித்துக்கிழமை போட்டுப் பாப்பாங்க, வந்துடும். நான் வேண்டிக்கிட்டதாலதான்னு சொல்வாங்க, வேணும்னா பாருங்க. யாருக்கும் ஒரு சேதமும் இல்லை. ரெண்டு வாரமா யோசிச்சு மாதா காட்டின வழி இது.

பேசிக்கிட்டே இருந்ததுல மறந்தே போனேன். அந்தக் கதவு திறந்தா ஒரு குரல் கொடுங்க. நான் மாத்திடறேன். எது குறைச்சல்னு தராசு வேண்டாம், கையில வாங்கினாலே தெரியும். இது சரி. இதுவும் சரி. இது... சரி. இது...

இருங்க.

இதுவும் சரியா இருக்கே. அஞ்சும் நூத்திருபதா இருக்கு.

அதெப்படி? கொஞ்சம் அந்த வெளிச்சத்துக்குக் காட்டுங்க. எனக்குக் கண்ணு... பாருங்க, இந்த மூணு என் தையல். பச்சை நூல், பொடித் தையல். இந்த ரெண்டைப் பாருங்க. வாயில கறுப்பு நூல். இது என் தையல் இல்லை. வாயைப் பிரிச்சு, உள்ள போட்டு, திரும்ப மூடியிருக்காங்க. கோணக்கோண, எட்ட எட்டத் தையல். இட்லித் துணி தைக்கற மாதிரி. ஊசி பிடிக்கவே தெரியலை அந்தம்மாவுக்கு. எனக்கு இப்ப அதுல ஒரு சந்தோஷம் வருது பாருங்க, செருப்பால அடிக்கணும் என்னை.

அப்ப எடை போட்டுப் பாத்திருக்காங்க. தெரிஞ்சிருக்கு.

எப்பத்திலேருந்து? இந்த நூலைப் பாருங்க, நேத்து தச்ச நூலா இது? பூங்கா மண்ணு ஏறிக் கிடக்கு. ரெண்டு வாரமாவது இருக்கும். இவர்கிட்ட சொல்லலை. சொல்லியிருந்தா இவர் முகத்துலயே தெரிஞ்சிடும், பொய் நிக்காது. போன ஞாயித்துக்கிழமை இவர் அத்தனை பேர் முன்னாடி "ஷைனியம்மா பந்துன்னா எடையே போட வேண்டாம்"னு சொன்னப்ப அவங்க பக்கத்துலதான் நின்னாங்க. "ஆமா சார்"னாங்க. என் மூஞ்சியைப் பாத்து "ஆமா சார்"னாங்க. இன்னிக்கு பஸ்ல ஜன்னலோர சீட்டை எனக்குக் கொடுத்துட்டு, "வாந்தி வருமா ஜெசிந்தா, எலுமிச்சம்பழம் வச்சிருக்கேன்"னாங்க.

இருங்க, இருங்க. எனக்கு ஒண்ணு இடிக்குது. போன ஞாயித்துக்கிழமையும் அவங்க போட்டாங்க. இதே பந்துதான். நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். ஒன்பதுல விழுந்தது. பன்னெண்டு கூட இல்லை, ஒன்பது. அப்ப பந்து சரியாத்தானே இருந்திருக்கு? எடையெல்லாம் சரி பண்ணி ஒரு வாரம் ஆனதுக்கப்புறம்தானே அது?

அப்ப அது கையா?

இல்லைம்மா. அப்படி இருக்காது. பயத்துல விழுந்திருக்கும். பயந்தா கை பதறும்ல? உங்களுக்கு என்ன தோணுது? சொல்லுங்களேன். இந்தத் தையல் இப்படிக் கோணிக்கோணி இருக்கே, இது தையல் தெரியாததாலதானே? வேற எதனாலயும் இல்லையே? டெலிபோன் ஆபீஸ்ல இருந்தவங்களுக்கு ஊசி எப்படிப் பழக்கம் இருக்கும், இல்லையா?

நான் இத்தனை நாளா தைரியமா இருந்ததே அதை வச்சுத்தான். நோய் இல்லை, நான் பண்ணினதுதான்னு. பாவம் பண்ணினோம், சரி, ஆனா அந்தம்மாவுக்கு ஒண்ணுமில்லைன்னு.

யாரு, என்னையா? ஆமா சிஸ்டர், வசுமதி கூட வந்தது நான்தான். உள்ளயா? அந்தப் பந்தையும் எடுத்துக்கிட்டா? டாக்டர் போட்டுப் பாக்கச் சொல்றாரா? சரி. இதோ. நீங்க போங்க, வந்துட்டேன்.

கையைக் கொடுங்கம்மா, எழுந்துக்கறேன். முட்டி பிடிச்சுக்கிச்சு. இந்தப் புது ரெண்டும் உங்ககிட்டயே இருக்கட்டும், வீட்டுல சின்னதுங்க இருந்தா கொடுங்க. ஒரே ஒரு உதவி பண்ணுங்க. உங்க சாமி யாருன்னு எனக்குத் தெரியாது. யாரா இருந்தாலும் சரி, நான் உள்ள இருக்கற வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லிக்கிட்டே இருங்க. அந்தப் பொம்பளை கையில ஒரு குத்தமும் இல்லை, எல்லாம் இந்தப் பாவி ஜெசிந்தா பண்ணினதுதான்னு டாக்டர் சொல்லணும்னு வேண்டிக்கோங்க.